வரி இடைவெளிக்கு மாதச் சந்தா

இணையத்தளம் கட்டித்தரும் சேவைகளில் இப்போது எதைத் தொட்டாலும் ஒரு குட்டிக் கிரீடம் முளைக்கிறது, காசு கட்டினால்தான் இது உண்டு என்று சொல்லும் அடையாளம். எழுத்துருவை மாற்றலாம் என்று போனால் கிரீடம். தலைப்பின் நிறத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கலாம் என்றால் கிரீடம். பக்கத்தின் அடியில் 'இந்தச் சேவையில் இலவசமாக உருவாக்கப்பட்டது' என்று ஒட்டியிருப்பதை எடுக்கப் போனால் கிரீடத்தோடு ஒரு முழுத்திரையே வந்து நிற்கும், மூன்று திட்டங்கள் வரிசையாக, நடுவில் இருப்பதற்கு மட்டும் 'பலரும் விரும்புவது' என்று பட்டை கட்டி. காசு கேட்பதில் எனக்குத் தகராறு இல்லை. எதற்குக் கேட்கிறார்கள் என்பதில்தான் தகராறு.

நான் தொழில்முறை வடிவமைப்பாளன் இல்லை. சிங்கப்பூரில் தமிழில் தளம் வைத்துக்கொள்ள ஆசைப்படும் தெரிந்தவர்கள் 'கொஞ்சம் வந்து பாருங்களேன்' என்றால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் உட்காருகிற ஆள், அவ்வளவுதான். வீட்டில் பலகாரம் செய்து விற்பவர், சமூக மன்றத்தில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு ஓடியாடுபவர், கவிதை எழுதுபவர், நூலகத்தில் வாசகர் கூட்டம் நடத்துபவர் என்று பல வகை. யாருக்கும் பெரிதாக எதுவும் வேண்டாம். நாலு பக்கம், நல்ல தமிழ், தொலைபேசியில் திறந்தால் ஒழுங்காகத் தெரியவேண்டும். அந்தக் கடைசி ஒன்றுக்குத்தான் இப்போது கட்டணம்.

கொஞ்சம் பழைய கதை. 2003, 2004 வாக்கில் தமிழ் வலைப்பதிவுகள் கிளம்பியபோது பெரும்பாலானவர்கள் பிளாக்கர் என்ற இலவச வலைப்பதிவுச் சேவையில்தான் எழுதினார்கள். தமிழ்மணம் திரட்டி 2004இல் வந்தது, அதில் காலையில் ஒரு சுற்று போய் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வேலைக்குப் போவது பலருக்கு வழக்கமாக இருந்தது. அந்தக் காலத்தில் 'வார்ப்புருவை மாற்றுவது எப்படி' என்பதே ஒரு தனிப் பதிவு வகை, வார்ப்புரு என்றால் பக்கத்தின் தோற்றத்துக்கு முன்கூட்டியே செய்து வைத்த அச்சு. கணினி படிக்காதவர்கள்கூட யாரோ எழுதிக் கொடுத்த நிரல்துண்டை வெட்டி ஒட்டி, பக்கம் சிதைந்துபோய், பின்னூட்டத்தில் வந்து உதவி கேட்டு, சரிசெய்துகொள்வார்கள். பார்க்க அசிங்கமாக இருந்த பக்கங்கள் ஏராளம், நெற்றியில் ஓடும் எழுத்து, கண்ணைக் குத்தும் மஞ்சள் பின்னணி எல்லாம் உண்டு. ஆனால் அந்த அசிங்கம் அவரவர் சொந்த அசிங்கம், யாரும் அதற்கு வாடகை கேட்கவில்லை. பிளாக்கரில் இன்றுவரை அந்த வார்ப்புருவின் எச்டிஎம்எல் நிரல் முழுவதையும் திறந்து திருத்தலாம், காசில்லாமல்.

வேர்ட்பிரஸ் கதை வேறு. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் 2003 மே மாதம் வந்தது, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற கட்டற்ற உரிமத்தில், இன்றும் அப்படித்தான். எடுத்துக்கொண்டுபோய் உங்கள் சொந்த வழங்கியில் (சர்வரில்) நிறுவினால் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். அதே பெயரில் டாட் காம் என்று முடிகிற தளச் சேவை வேறு சமாச்சாரம், அது ஒரு நிறுவனத்தின் வியாபாரம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 'வேர்ட்பிரஸ் இலவசம்தானே' என்று சொல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தச் சேவையில் சிஎஸ்எஸ், அதாவது பக்கத்தின் தோற்றத்தை மாற்றும் நிரல், எழுதுவது வெகுகாலமாகவே கட்டணப் பக்கம்தான். 2022 தொடக்கத்தில் வேர்ட்பிரஸ் 5.9 வந்தபோது, நிரல் எழுதத் தெரியாதவரும் எழுத்துரு, நிறம், இடைவெளி எல்லாவற்றையும் சும்மா தட்டித் தட்டி மாற்றும் வசதி மென்பொருளுக்குள்ளேயே வந்துவிட்டது. நல்ல வேலை, கைதட்டலாம். ஆனால் டாட் காம் சேவையின் இலவசத் திட்டத்தில், அதைத் திருத்தும் திரையில் முயன்று பார்க்கலாம், வாசகர் கண்ணுக்கு அது தெரியவேண்டுமானால் கட்டணத் திட்டத்துக்கு ஏறவேண்டும் என்று வைத்துவிட்டார்கள். கட்டற்ற மென்பொருளில் இருக்கும் ஒரு வசதிக்கு முன்னால் கதவு போட்டுப் பூட்டிய மாதிரி ஆயிற்று. அதே 2022இல் பழைய திட்டங்களையெல்லாம் தூக்கிவிட்டு, ஒன்று இலவசம், இல்லையென்றால் மாதம் 15 டாலர், அதுவும் ஆண்டுக்கு மொத்தமாக, என்று இரண்டே திட்டம் வைத்துப் பார்த்தார்கள். 3 கிகாபைட்டாக இருந்த இலவச இடத்தையும் சுருக்கினார்கள். பயனர்கள் போட்ட சத்தத்தில் சில மாதங்களில் பழைய அடுக்குகள் திரும்பி வந்தன, இலவச இடம் 1 கிகாபைட்டில் நின்றது. சத்தம் போட்டால் கேட்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன், பின்னால் உதவும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எழுத்துருவும் வரி இடைவெளியும் 'வடிவமைப்பு வசதிகள்', அலங்காரம், வேண்டியவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும் என்று இந்தக் கோட்டைக் கிழித்தவர் யாரோ, அவர் ஆங்கில எழுத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கிழித்திருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு வார்ப்புருவில் வரும் எழுத்துரு பிடிக்கவில்லையென்றால் அது ரசனைப் பிரச்சினை. தமிழில் எழுதுபவருக்கு அந்த எழுத்துருவில் தமிழே இருக்காது. இல்லாதபோது உலாவி என்ன செய்யும்? அந்தக் கருவியில் என்ன தமிழ் எழுத்துரு இருக்கிறதோ அதை எடுத்துப் போடும். விண்டோஸில் நிர்மலா, ஐபோனில் தமிழ்ச் சங்கம், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் நோட்டோ. ஆக, நீங்கள் உங்கள் திரையில் பார்த்துப் பார்த்து ஒழுங்கு செய்த பக்கம் அடுத்தவர் திரையில் வேறு பக்கம். நடுவில் ஓர் ஆங்கிலச் சொல்லோ தொலைபேசி எண்ணோ வந்தால் அது மட்டும் வார்ப்புருவின் எழுத்துருவில், வேறு அளவில், வேறு தடிமனில் நிற்கும்.

அடுத்தது வரி இடைவெளி. நவீன வார்ப்புருக்களில் தலைப்புகளை நெருக்கி அடுக்குவது ஒரு பாணி, எழுத்தின் அளவைவிடக் கொஞ்சூண்டுதான் கூடுதல் உயரம் கொடுப்பார்கள். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளுக்கு அது கச்சிதமாக இருக்கும். தமிழில் மேலே புள்ளி இருக்கிறது, இகர ஈகாரச் சுழிகள் இருக்கின்றன, கீழே 'ழு'வும் 'று'வும் 'ஞ'வும் காலை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தலைப்பு இரண்டு வரிக்குப் போனால் மேல் வரியின் கால் கீழ் வரியின் புள்ளியில் போய் மோதும். புள்ளி மறைந்தால் என்ன ஆகும் என்று தமிழ் படித்த யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. சில வார்ப்புருக்களில் பட்டியலில் உள்ள சொற்களுக்கு எழுத்துக்கு எழுத்து இடம் விட்டிருப்பார்கள், எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி அப்படிப் பரப்பி வைப்பது ஆங்கிலத்தில் எடுப்பாக இருக்கும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது, அதனால் அந்தப் பாதி வேலை செய்யாது, இடம் விடுகிற பாதி மட்டும் வேலை செய்து 'மு க ப் பு' என்று பல் விழுந்த மாதிரி நிற்கும்.

மேற்கோள் என்றால் சாய்வெழுத்து என்பது இன்னொரு தொல்லை. நம் ஆட்கள் மேற்கோள் பெட்டியை எதற்குப் பயன்படுத்துவார்கள்? கவிதைக்கு. வாசகர் கூட்டம் நடத்தும் நண்பர் ஒருவரின் தளத்தில் எல்லாக் கவிதையும் ஒருபக்கமாகச் சாய்ந்தே கிடக்கிறது, கருவியில் இருக்கும் தமிழ் எழுத்துருவுக்குச் சாய்வு வடிவம் என்று தனியாக எதுவும் இல்லாததால் உலாவியே நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. அதை நிமிர்த்த ஒரே ஒரு வரி சிஎஸ்எஸ் போதும். அந்த ஒரு வரியை எழுதும் பெட்டிக்கு மேலே கிரீடம்.

இதையெல்லாம்விட மோசம் நீளமான சொற்கள். இதற்கு ஓர் உதாரணம் சொன்னால்தான் புரியும். ஈசூனில் தன் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்து, ஆரி வேலை செய்து கொடுக்கும் அக்கா ஒருவர் தளம் ஒன்று தொடங்கினார். எந்தச் சேவை என்பதை விட்டுவிடுகிறேன், இந்த விஷயத்தில் பல சேவைகளும் ஒரே குட்டையில் ஊறியவைதான். படங்கள் அருமையாக இருந்தன, மரூன் நிறப் பட்டில் தங்க ஜரிகை மயில், கைப்பகுதியில் குட்டிக் குட்டி மணிகள், ஒவ்வொரு படமும் சன்னலோர வெளிச்சத்தில் எடுத்தது. மேலே பெரிய எழுத்தில் 'மணப்பெண்களுக்கான ரவிக்கைகள்' என்று தலைப்பு. மடிக்கணினியில் பிரமாதம். தொலைபேசியில் திறந்தால் 'மணப்பெண்களு' என்பதோடு திரை முடிந்துவிட்டது. அதற்குக் கீழே 'ரவிக்கைகள்'.

"தம்பி, 'க்கான' எங்கே போச்சு?" என்றார் அக்கா.

எங்கேயும் போகவில்லை, திரைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சொற்களுக்கு நடுவே இடம் இருந்தால் உலாவி அங்கே மடக்கும், ஒரே சொல்லாக இருந்தால் தானாக நடுவில் உடைக்காது, உடைக்கலாம் என்று நாம் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் அவ்வளவு நீளச் சொல் தலைப்பில் வருவது அரிது, அதனால் அந்த வார்ப்புருவைச் செய்தவர் அதைச் சொல்லிவைக்கவில்லை. நம் மொழியில் வேற்றுமை உருபும் சாரியையும் ஒட்டிக்கொண்டே போவதால் சாதாரணச் சொல்லே திரையைத் தாண்டிவிடும். சரி, எழுத்தின் அளவைக் குறைக்கலாம் என்று பார்த்தோம். இலவசத்தில் 'சிறியது, நடுத்தரம், பெரியது' என்று மூன்று தேர்வுகள். சிறியது போட்டால் தொலைபேசியில் சரியாக வந்தது, கணினியில் தலைப்பா அடிக்குறிப்பா என்று தெரியவில்லை. தொலைபேசிக்கு மட்டும் தனி அளவு வைக்கலாமா? கிரீடம். அளவை எண்ணில் கொடுக்கலாமா? கிரீடம். சொல்லை உடைக்கச் சொல்லி ஒரு வரி எழுதலாமா? அதற்கு இரண்டு படி மேலே உள்ள திட்டம்.

கடைசியில் என்ன செய்தோம் தெரியுமா, தலைப்பை 'கல்யாண ரவிக்கை' என்று மாற்றினோம். அது நல்ல தலைப்புதான், சொல்லப்போனால் முன்னதைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒருவர் தன் கடைக்கு என்ன பெயர்ப்பலகை வைப்பது என்பதை, எந்தச் சொல் பெட்டிக்குள் அடங்கும் என்று பார்த்து முடிவுசெய்ய வைத்தது எனக்கு ஒப்பவில்லை. துணி உங்களுடையது, தையலும் உங்களுடையது, ஊசியில் நூல் கோர்க்க மட்டும் மாதாமாதம் காசு என்றால் அக்காவே சிரிப்பார்.

அக்கா கொஞ்சம் பொறுமைசாலி. மற்றவர்கள் அப்படி இல்லை, வேறு குறுக்குவழி எடுக்கிறார்கள். தலைப்பையும் விவரத்தையும் ஏதாவதொரு வடிவமைப்புச் செயலியில் அழகாகச் செய்து, படமாக இறக்கி, தளத்தில் படமாகவே ஒட்டிவிடுகிறார்கள். எழுத்துரு சரியாக இருக்கும், வரி மோதாது, எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பாருங்கள், ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் தீவு முழுக்க எத்தனை நிகழ்ச்சிகள், அவற்றின் தேதி, இடம், பேசுபவர் பெயர் எல்லாம் படத்துக்குள் உறைந்து கிடக்கின்றன. தேடுபொறியில் அந்தப் பெயரைத் தமிழில் அடித்தால் பல நேரம் வராது. கண் தெரியாதவர் திரைவாசிப்பானை வைத்துக் கேட்டால் 'படம்' என்று சொல்லிவிட்டு அது போய்விடும். முகவரியை நகலெடுத்து வரைபடத்தில் போடமுடியாது. எழுத்தைப் பெரிதாக்க முடியாது, படத்தைத்தான் பெரிதாக்கி இப்படியும் அப்படியும் தள்ளித் தள்ளிப் படிக்கவேண்டும், அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள் அது எப்படி இருக்கிறது என்று.

இதில் எனக்கு ரொம்பவே உறுத்துவது, தமிழைப் படமாகப் போடுவது நாம் கடந்துவந்த கட்டம். தொண்ணூறுகளில் வேறு வழி இல்லாமல் அப்படிச் செய்தார்கள், இல்லையென்றால் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள்ளச் சொல்வார்கள், அதில் எழுதியது இதில் தெரியாது. அதிலிருந்து வெளியே வர உழைத்தவர்களில் முன்வரிசையில் இருந்தவர் நம் ஊர்க்காரர், எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றியபோது தமிழ் அங்கே எழுத்தாகவே ஏறியது, அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கிவைத்தார். 1997இல் தமிழ் இணையத்துக்கென்று முதல் மாநாடு இங்கேதான் நடந்தது. எழுத்தைக் கணினியில் எண்ணாகப் பதிய ஆளுக்கொரு குறியேற்றம், ஆளுக்கொரு விசைப்பலகை என்று இருந்ததைப் பேசிப் பேசி, சண்டை போட்டு, பிறகு எல்லா மொழிக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) வந்து, இப்போது எந்தத் தொலைபேசியை எடுத்தாலும் தமிழ் இருக்கிறது. அவ்வளவு தூரம் வந்தபின், மூன்று வரி சிஎஸ்எஸ்ஸுக்குப் பூட்டு போட்டதால் அதே ஊரில் மறுபடியும் தமிழைப் படமாக ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

எழுத்துரு செய்தவருக்குக் காசு போகிறதோ என்று நினைத்தால் அதுவும் இல்லை. கூகுளின் எழுத்துருத் தொகுப்பில் தமிழுக்கு நல்ல எழுத்துருக்கள் பல இருக்கின்றன. நோட்டோ இருக்கிறது, முக்தா மலர் இருக்கிறது, கட்டமரன், ஹிந்த் மதுரை, தலைப்புகளுக்குப் பலூ தம்பி, கையெழுத்து மாதிரி வேண்டுமென்றால் கவிவனார். எல்லாமே கட்டற்ற உரிமம், யாரும் எங்கேயும் பயன்படுத்தலாம், கடைக்கும் பயன்படுத்தலாம். தளச் சேவை வசூலிப்பது எழுத்துருவுக்கான விலையை அல்ல, இலவச எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானுக்கான விலையை.

சேவை நடத்துபவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் புலம்புகிறேன் என்று ஆகிவிடும். வழங்கிக்கும் பாதுகாப்புக்கும் செலவாகிறது. இலவசக் கணக்குகளில் குப்பைத் தளங்கள் போட்டு ஏமாற்றுபவர்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள், அவர்களைத் துரத்தவே ஒரு படை வேண்டும். சிஎஸ்எஸ் பெட்டியைத் திறந்துவிட்டால் தெரியாதவர் எதையாவது ஒட்டிப் பக்கத்தைச் சிதைத்துவிட்டு 'உங்கள் சேவை சரியில்லை' என்று எழுதுவார், அதற்குப் பதில் சொல்லச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். போதாததற்கு இந்த நிறுவனங்கள் ஆரம்பத்தில் இருந்த மாதிரி இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் கடைகளாகவும் இப்போது இல்லை. விக்ஸ் 2013இல் பங்குச்சந்தைக்குப் போனது. வீப்ளியைப் பணம் செலுத்தும் சேவை நடத்தும் ஸ்குவேர் 2018இல் வாங்கியது. ஸ்குவேர்ஸ்பேஸ் 2021இல் பங்குச்சந்தைக்குப் போய், 2024இல் பெர்மிரா என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. இலவசக் கணக்குகளில் எத்தனை பேர் காசு கட்டுபவர்களாக மாறுகிறார்கள் என்பதை அங்கே யாரோ ஒருவர் ஒவ்வொரு காலாண்டும் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த எண் உயர எதைப் பூட்டுவது? கண்ணுக்குத் தெரிவதை, தினமும் உறுத்துவதை. எழுத்துருவும் நிறமும் பூட்டப்படுவதற்குக் காரணம் அவை விலை உயர்ந்தவை என்பதால் அல்ல, உறுத்துபவை என்பதால்.

ஆக, சொந்த இணைய முகவரிக்குக் காசு கேளுங்கள், கொடுக்கலாம். கூடுதல் இடம், இணையக் கடைக்கான பொருட்கூடை, கட்டணம் வாங்கும் வசதி, விளம்பரத்தை எடுப்பது, இதற்கெல்லாம் கேளுங்கள். தலைப்பு முழுதாகத் தெரிவதற்குக் கேட்காதீர்கள். அதிலும் ஒருவர் குடியேறி, படமெல்லாம் ஏற்றி, வாடிக்கையாளர்களுக்கு முகவரியைக் கொடுத்து, சீட்டெல்லாம் அச்சடித்தபின் நேற்றுவரை திறந்திருந்ததைப் பூட்டுவது ரொம்பத் தப்பு. விக்ஸ் போன்ற சேவைகளில் கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது, மறுபடி அடியிலிருந்து கட்டவேண்டும். அது அவர்களுக்கும் தெரியும்.

காசு எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம், ஏனென்றால் 'ஒரு கோப்பி காசுதானே' என்று சொல்பவர்கள் உண்டு. விலை அமெரிக்க டாலரில். மாதம் 15 டாலர் என்றால் ஆண்டுக்கு 180. வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் 2020 முதல் இங்கே பொருள், சேவை வரி உண்டு, 2024 தொடக்கத்திலிருந்து அது 9 விழுக்காடு. அதன்மேல் வெளிநாட்டு நாணயத்தில் கட்டியதற்கு வங்கி அட்டை தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 250 வெள்ளியைத் தாண்டிவிடும். முதல் ஆண்டு தள்ளுபடி என்று பாதி விலைக்குக் காட்டுவார்கள், இரண்டாம் ஆண்டு முழுசாகப் பிடிப்பார்கள், அதற்குள் அட்டை எண்ணைக் கொடுத்ததையே நாம் மறந்திருப்போம். நிறுவனங்களுக்கு இது ஒன்றுமில்லை. வாசகர் கூட்டத்துக்கு மாதம் ஒருமுறை தன் கைக்காசில் வடையும் தேநீரும் வாங்கி வைக்கும் ஆளுக்கு இது ஒன்றுமில்லை என்று சொல்லமுடியாது.

அப்புறம் முகவரி. சிங்கப்பூருக்கென்று தமிழிலேயே ஒரு முகவரி முடிவு இருக்கிறது, 'டாட் சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்தில், 2011இல் வந்தது. இப்படிச் சொன்னால் தமிழ் ஆசிரியர்களே ஆச்சரியப்படுகிறார்கள். ஆனால் சொந்த முகவரியை இணைக்கப் பெரும்பாலான சேவைகளில் கட்டணத் திட்டம் வேண்டும், இலவசத்தில் இருப்பவர் அந்தச் சேவையின் பெயரை வாலாகச் சுமக்கத்தான் வேண்டும். இது வெறும் கௌரவப் பிரச்சினை என்று நான் நினைத்ததில்லை. தேசிய நூலக வாரியம் 2019 முதல் சிங்கப்பூருக்குரிய டாட் எஸ்ஜி என்று முடியும் தளங்களைத் தனித்தனியாக அனுமதி கேட்காமலே சேகரித்து வைக்கலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. இலவச வால் முகவரியில் இருக்கும் நம் கவிஞர்களின் பக்கங்கள் அந்த வலையில் தானாக விழாது. 2009இல் யாகூ தன் இலவசத் தளச் சேவையான ஜியோசிட்டீஸை மூடியபோது எத்தனை பக்கங்கள் போயின என்று நினைவிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இப்போதைக்கு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எழுத்துதான் முக்கியம், கடை இல்லை என்றால் பிளாக்கருக்கே போங்கள். பழசாக இருக்கிறது, வார்ப்புருக்கள் அரதப் பழசு, கூகுள் அதை மறந்துவிட்டதோ என்றுகூடத் தோன்றும், 2013இல் வலைப்பதிவுகளைத் தொடர்ந்து படிக்க உதவிய ரீடரை மூடிய நிறுவனம் என்பதால் வாரம் ஒருமுறை நகல் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. ஆனால் சிஎஸ்எஸ் திறந்திருக்கிறது, சொந்த முகவரியை இணைக்கக் காசு இல்லை, முகவரியை மட்டும் வாங்கினால் போதும். கொஞ்சம் நிரல் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் எளிய பக்கம் போட்டுக்கொள்ளலாம், அதுவும் இலவசம். குழுவாக நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரே வழங்கி இடத்தை வாங்கிக் கட்டற்ற வேர்ட்பிரஸை நிறுவி, ஆளுக்கொரு தளம் வைத்துச் செலவைப் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் அதைப் பராமரிக்க ஒருவர் பொறுப்பேற்கவேண்டும், பொதுவாக அந்த ஒருவர் இரண்டாம் ஆண்டில் வேலை மாறிப் போய்விடுவார்.

கட்டித்தரும் சேவைதான் வேண்டும் என்றால், படம் ஏற்றும் முன்பே ஒரு சோதனை. வெறும் வார்ப்புருவை எடுத்து, தலைப்பில் 'நிகழ்ச்சிகளுக்கான முன்பதிவு' என்று போட்டுத் தொலைபேசியில் திறந்து பாருங்கள். இரண்டு வரிக்கு மடங்குகிற மாதிரி 'எழுத்தாளர் சந்திப்பு' போன்ற ஒன்றை நீட்டிப் போட்டு, கால் புள்ளியில் இடிக்கிறதா என்று பாருங்கள். மேற்கோள் பெட்டியில் நாலு வரிக் கவிதை ஒட்டிச் சாய்கிறதா பாருங்கள். ஒரு பத்தியில் தமிழோடு ஆங்கிலப் பெயரும் தொலைபேசி எண்ணும் கலந்து எழுதுங்கள். இந்த நாலும் இலவச நிலையிலேயே தாங்கினால் அந்த வார்ப்புருவை எடுத்துக்கொள்ளலாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் தாங்காததை விட்டுவிடுங்கள்.

கிரீடம் வருகிற இடத்திலெல்லாம் 'கருத்து அனுப்பு' என்று ஒரு பொத்தானும் எங்காவது இருக்கும். அதில் 'எழுத்துரு இலவசமாக வேண்டும்' என்று எழுதினால் கண்டுகொள்ள மாட்டார்கள், எல்லாரும் கேட்பதுதானே. 'உங்கள் வார்ப்புருவில் தமிழ்ச் சொல் திரைக்கு வெளியே போகிறது, இது பிழை' என்று திரையைப் படம்பிடித்து இணைத்து எழுதுங்கள். வசதி கேட்பவருக்கு விற்பனைப் பிரிவு பதில் சொல்லும், பிழை சொல்பவரின் கடிதம் பொறியாளரிடம் போக வாய்ப்பு உண்டு. சொல்லை உடைக்கும் அந்த ஒரு வரியை அவர்களே வார்ப்புருவில் சேர்த்துவிட்டால் தமிழுக்கு மட்டுமா, நீளச் சொல் வைத்திருக்கும் எல்லா மொழிக்காரர்களுக்கும் தீர்ந்தது. அக்காவின் தளத்துக்காக நான் அப்படி ஒன்று அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. வேறு யாராவது அனுப்பிப் பதில் வாங்கியிருந்தால் கீழே எழுதுங்கள், எந்தச் சேவை, என்ன சொன்னார்கள் என்று. இலவச நிலையிலேயே தமிழை ஒழுங்காகக் காட்டும் வார்ப்புரு ஏதாவது தெரிந்தாலும் பெயரைச் சொல்லுங்கள், அக்காவுக்குத் தீபாவளிக்கு முன்னால் இன்னொரு பக்கம் போடவேண்டும்.